மாசிக்காயும் பெரியப்பாவின் தைலமரமும்

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதிய வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் கால்ல ஆரம்பிக்குது.

போன வருஷம் ஆடி மாசம். ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல பெரியப்பா போன். அவர் சங்கராபுரம் பக்கம் இருக்கார், கள்ளக்குறிச்சி மாவட்டம். சும்மா போன் பண்ற ஆள் இல்ல. வெளிய வந்து எடுத்தேன்.

"தம்பி, தைலமரம் வெச்சிருக்கேன்ல, மூணு ஏக்கர். குருத்தெல்லாம் முடிச்சு முடிச்சா வீங்கிக் கெடக்குதுடா. தண்டே கோணிக்கிட்டுப் போவுது. கடைக்காரர் குடுத்த மருந்த ரெண்டு வாட்டி அடிச்சிட்டேன். புதுசா வர்ற துளிர்லயும் அதே முடிச்சு. நீ கம்ப்யூட்டர்ல பார்த்து, என்ன மருந்துன்னு சொல்லு."

நான் படிச்சது இன்ஜினியரிங். எனக்குத் தெரிஞ்ச பக் எல்லாம் ஸ்கிரீன்ல வர்றது. ஆனா மூணு ஏக்கர்ல சுமார் ரெண்டாயிரம் கன்று. அதுக்கு வாங்கின கடன் அவர் பேர்ல இருக்கு. மானாவாரி நிலம், கிணத்துல தண்ணி இல்ல, வயசு அறுபத்தஞ்சு. தைலமரம்னா நாலஞ்சு வருஷம் தொந்தரவு இல்லாம நிக்கும்னு நம்பித்தான் வெச்சார். அதனால படிக்க ஆரம்பிச்சேன். "என்ன மருந்து"ங்கிற கேள்விக்குப் பதில் தேடிப் போய், இருநூறு வருஷக் கதைக்குள்ள மாட்டிக்கிட்டேன். அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல, அந்த முடிச்சு என்னது?

உங்க வீட்ல குழந்தைக்கு உரைமருந்து கொடுத்திருப்பாங்க. வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய். இதுல மாசிக்காய் ஒரு காயே இல்ல, தெரியுமா? துருக்கி, ஈரான் பக்கம் வளர்ற ஒரு வகை ஓக் மரத்துல, சின்னக் குளவி ஒன்னு துளிர்ல முட்டை வைக்கும். அந்த இடத்துல மரத்தோட திசு உருண்டையா வீங்கும். உள்ளே புழு வளரும். அந்த வீக்கத்தைத்தான் பறிச்சுக் காயவெச்சு, மாசிக்காய்னு நாட்டுமருந்துக் கடையில விக்கிறாங்க. ஐரோப்பாவுல பல நூற்றாண்டு எழுத்து மை செஞ்சதும் இந்த வீக்கத்தை வெச்சுத்தான்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கல்வராயன் மலையில கடுக்காய் பொறுக்கி விக்கிறது மலைவாழ் மக்களோட பழைய தொழில். அதே கடுக்காய் மரத்தோட இலையில பூச்சியால வர்ற வீக்கத்தை சித்த மருத்துவத்துல 'கடுக்காய்ப்பூ'ன்னு சொல்வாங்க. பேர்லதான் பூ. பார்த்தா அதுவும் முடிச்சுதான்.

ஆக பூச்சி முட்டை வெச்சு, மரம் வீங்கிக் கொடுக்கிற இந்த ஏற்பாடு நமக்குப் புதுசு இல்ல. பெரியப்பா தோட்டத்துல இருந்ததும் இதே ரகம். பூச்சியோட பேர் லெப்டோசைப் இன்வேசா. சின்னக் குளவி. நீளம் சுமாரா 1.2 மில்லிமீட்டர். ஒரு கடுகை விடச் சின்னது. நம்மைக் கொட்டாது. இளம் துளிரோட தண்டு, இலைக்காம்பு, இலையோட நடுநரம்பு, இந்த மூணு இடத்துலதான் முட்டை வைக்கும்.

முட்டை வெச்ச இடம் வீங்கும். முதல்ல பச்சையா இருக்கும், அப்புறம் ரோஸ் கலரா மாறும், கடைசியில பழுப்பு. உள்ளே கால் இல்லாத வெள்ளைப் புழு. ஏறக்குறைய 130 நாள் கழிச்சு, ஊசியால குத்தின மாதிரி ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கிட்டு குளவி வெளிய வரும். வர்றது பெரும்பாலும் பெண். ஆண் இல்லாமலே அடுத்த முட்டை வைக்கும். ஒரே ஒரு குளவி வந்தாலும் ஒரு தோட்டத்துல குடும்பம் ஆரம்பிச்சிடும்.

இங்கேயே பெரியப்பாவோட மருந்து ஏன் வேலை செய்யலைன்னு பாதி புரிஞ்சது. நாம தெளிக்கிறது தண்டுக்கு வெளிய. புழு இருக்கிறது தண்டுக்கு உள்ள, மரமே கட்டிக்கொடுத்த அறையில. வெளிய பறக்கிற குளவி நாலு செத்தாலும், அடுத்த வாரம் அடுத்த முடிச்சிலிருந்து நாற்பது வரும். நாற்றங்கால்ல, கைக்கு எட்டுற உயரத்துல மருந்து ஓரளவு கைகொடுக்கலாம். ஏக்கர் கணக்குல, மாசாமாசம் அடிக்கிறது கட்டுபடியாகாது.

சரி, இந்தப் பூச்சி இங்க எப்படி வந்தது? அதுக்கு முன்னாடி மரம் எப்படி வந்ததுன்னு பார்க்கணும்.

ஒரு தோட்டத்து விதை, ஒரு மலை முழுக்க மரம்

யூகலிப்டஸோட சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 700 இனத்துக்கு மேல இருக்கு. இந்தியாவுக்கு முதல்ல வந்தது கர்நாடகாவோட நந்தி மலைக்கு, திப்பு சுல்தான் காலத்துல, 1790 வாக்கில்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல 1843-ல் கேப்டன் காட்டன்ங்கிற மெட்ராஸ் ராணுவ இன்ஜினியர் நீலகிரியில நட்டார். காரணம் விறகு. வெள்ளைக்காரங்க ஊட்டியில குடியேறினதும் சோலைக்காடு விறகாப் போய்க்கிட்டு இருந்தது. அதுக்கு மாற்றா, சீக்கிரம் வளர்ற மரம் தேவைப்பட்டது. அதோட இலையில எடுத்த எண்ணெய்தான் 'நீலகிரி தைலம்'. மரத்துக்கு தைலமரம்னு பேர் வந்தது அப்படித்தான்.

ஆனா நீலகிரி மரமும் கள்ளக்குறிச்சி மரமும் ஒன்னு இல்ல. குளிருக்கு வளர்றது வேற இனம். சமவெளிக்கு வந்தது நந்தி மலை வம்சம், 'மைசூர் கம்'னு பேர். இந்த வம்சம் நந்தி மலையில நின்ன கொஞ்சம் மரங்களோட விதையிலிருந்து வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த விதையைத்தான் தென்னிந்தியச் சமவெளி முழுக்க வனத்துறைகள் போட்டாங்க. 1974-ல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் ஆரம்பிச்சது. காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வேணும். அப்போ யாரும் "இது எல்லாம் ஒரே குடும்பமாச்சே"ன்னு கவலைப்பட்டதாத் தெரியலை.

தண்டு நோய் கொடுத்த முதல் அடி இங்க இல்ல, பக்கத்து மாநிலத்துல விழுந்தது. 1970-களில் கேரளாவோட அதிக மழை பெய்ற இடங்கள்ல யூகலிப்டஸ் தோட்டங்களை 'பிங்க் நோய்' பிடிச்சது. இது பூச்சி இல்ல, பூஞ்சை. தண்டுல வெளிர் ரோஸ் கலர்ல ஒரு பூச்சு மாதிரி படரும். பட்டையைச் சுத்தி வளைச்சிடும். அதுக்கு மேல இருக்கிற பாகம் காய்ஞ்சு போகும், கீழேயிருந்து புதுத் துளிர் வெடிச்சு வரும். கன்னியாகுமரி பக்கம் ரப்பர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது பழைய எதிரி.

ரப்பர்ல இதுக்கு மருந்து உண்டு. போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும். பிரான்ஸோட போர்டோ பகுதியில திராட்சைக் கொடிக்காக 1880-களில் கண்டுபிடிச்சது. நோய் பிடிச்ச பாகத்தைச் சுரண்டி, போர்டோ பசையைப் பூசுவாங்க. ரப்பர் மரம் தொடர்ந்து காசு கொடுக்கும். ஒவ்வொரு மரத்தையும் அடிக்கடி ஒருத்தர் தொட்டுப் பார்க்கிறார். அதனால மரத்துக்கு மரம் வைத்தியம் பார்க்க முடியும். யூகலிப்டஸ் அப்படி இல்ல. நட்டுட்டுப் போயிட்டா, அறுவடைக்குத்தான் திரும்பி வருவாங்க. ஒரு மரத்தோட விலையை விட அதுக்குப் பூசுற கூலி அதிகம். அங்க நடைமுறையில கிடைச்ச பாடம் இதுதான்: அந்த மழைக்கு அந்த மரம் ஆகாது.

இது முக்கியம். தண்டு நோய்ல 'சிகிச்சை'ங்கிற வார்த்தை, பெரும்பாலும் ஒரு மரம், ரெண்டு மரத்துக்குத்தான் பொருந்தும். தோட்டம்னு வந்துட்டா, முடிவு எல்லாம் நடுறதுக்கு முன்னாடியே எடுத்தாகணும்.

பிரேசில்ல பிறந்த தீர்வு

இப்போ கொஞ்சம் பிரேசில் போயிட்டு வருவோம். காரணம் இருக்கு. பெரியப்பா வாங்கின கன்றோட தொழில்நுட்பம் பெரிய அளவுல வளர்ந்தது அங்கதான்.

1970-களில் பிரேசிலோட எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலத்துல அராக்ரூஸ்ங்கிற கம்பெனி காகிதக் கூழுக்காக யூகலிப்டஸ் போட்டாங்க. தண்டுல ஒரு பூஞ்சை வந்தது. பட்டை வெடிச்சு, அடித்தண்டு புண்ணாகி, மரம் காத்துல ஒடிஞ்சு விழும். தண்டுப்புண் நோய்னு வெச்சுக்கலாம். கியூபாவுல 1917-லயே இந்தப் பூஞ்சையை ஒருத்தர் விவரிச்சிருக்கார், பேர்லயும் கியூபா இருக்கும்.

அவங்க மருந்து தேடலை. தோட்டத்துக்குள்ள நடந்து, நோய்க்கு நடுவுலயும் நல்லா நிக்கிற மரங்களைத் தேடினாங்க. ஆனா அந்த மரத்தோட விதையைப் போட்டா, பிள்ளை அப்பா மாதிரியே இருக்கும்னு உத்தரவாதம் இல்ல. அதனால விதையை விட்டுட்டு, அந்த மரத்தோட துளிரையே வெட்டி, வேர் விட வெச்சு நட்டாங்க. ஒரே மரத்தோட லட்சம் நகல். அதுதான் குளோன். இந்த வேலைக்காக அந்தக் கம்பெனியோட ஆராய்ச்சிக்காரங்களுக்கு 1984-ல் ஸ்வீடனோட மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைச்சது. காடு வளர்ப்புல நோபல் மாதிரி அது.

குளோன்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் லேப், வெள்ளைக் கோட்டு ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு அப்படிச் சொல்லத் தேவையில்ல. சின்னசேலம் பக்கம் மரவள்ளி போடறவங்க போன வருஷச் செடியோட குச்சியை நறுக்கித்தான் அடுத்த வருஷம் நடுறாங்க. அதுவும் குளோன்தான். கரும்புக் கரணையும் அப்படியே.

இந்தியாவுல இதைப் பெரிய அளவுல ஆரம்பிச்சது பத்ராசலம் காகித ஆலை, இப்போ ஐ.டி.சி.யோட பகுதி. 1989-ல். விதைக் கன்றுல ஹெக்டேருக்கு வருஷம் 6 முதல் 10 கன மீட்டர் மரம் கிடைச்ச இடத்துல, குளோன்ல 20 முதல் 25 கன மீட்டர் கிடைச்சதாச் சொன்னாங்க. மானாவாரி விவசாயிக்கு இது சின்ன விஷயமா? குளோனுக்கெல்லாம் பேர் கிடையாது, நம்பர்தான். நாற்றுப் பண்ணையில போய் "413 இருக்கா, 526 இருக்கா"ன்னு கேட்பாங்க. கரூர் காகிதபுரத்துல இருக்கிற டி.என்.பி.எல். ஆலையும் 2004-05 வாக்கில் விவசாயிகளோட சேர்ந்து மரம் வளர்க்கிற திட்டத்தை ஆரம்பிச்சது.

கவனிங்க. குளோன்ங்கிற யோசனையை வளர்த்துவிட்டதே ஒரு தண்டு நோய். தாங்குற மரத்தைக் கண்டுபிடி, அதையே எங்கும் நடு. ஆனா அந்த மரம் தாங்குறது ஒரு நோயை. இன்னொன்னு வந்தா?

நீங்க எல்லா ஆப்புக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. அது எவ்வளவு ஸ்ட்ராங் பாஸ்வேர்டா இருந்தாலும் சரி. ஒரு இடத்துல லீக் ஆனா போதும்.

விழுப்புரத்துக்கு வந்த விருந்தாளி

அந்தக் குளவியை உலகம் கவனிச்சதே 2000-ல் தான். இஸ்ரேல் உள்ளிட்ட மத்தியத் தரைக்கடல் நாடுகள்ல. அங்கே யூகலிப்டஸ் 19-ம் நூற்றாண்டிலிருந்தே இருக்கு, மலேரியா சதுப்பு நிலத்தை வத்தவைக்க நட்டது. நூறு வருஷம் பிரச்சனை இல்லாம இருந்த மரத்துல திடீர்னு முடிச்சு. பூச்சிக்கு அப்போ பேர் கூடக் கிடையாது. 2004-ல் தான் அறிவியல் பேர் வெச்சாங்க. இது ஆஸ்திரேலியாப் பூச்சிதான். ஆனா ஆஸ்திரேலியாவுல யாரும் அதைப் பெருசா கண்டுக்கவே இல்ல. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இந்தியாவுல அது முதல்ல தென்பட்டது 2001 வாக்கில். ரெண்டு இடம். ஒன்னு கர்நாடகாவோட மாண்டியா. இன்னொன்னு நம்ம விழுப்புரம் மாவட்டத்தோட கடலோரம்.

இதைப் படிச்சப்போ நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போ கள்ளக்குறிச்சின்னு தனி மாவட்டம் கிடையாது. 2019 நவம்பர் வரைக்கும் அது விழுப்புரம் மாவட்டம்தான். ஒரு முனையில கடல், மறு முனையில கல்வராயன் மலை. பெரியப்பாவோட ரேஷன் கார்டுல இருந்த மாவட்டத்துலதான், இந்தியாவோட முதல் பதிவுகள்ல ஒன்னு.

அடுத்த ஆறேழு வருஷத்துல குளவி தென் மாநிலங்கள் முழுக்கப் பரவிடுச்சு. அது அவ்வளவு தூரம் பறந்து போகத் தேவையில்ல. நாமதான் லாரியில ஏத்திக்கிட்டுப் போனோம். முடிச்சுக்குள்ள புழு இருக்கிற கன்று, வெளிப்பார்வைக்குக் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பண்ணையிலிருந்து தோட்டத்துக்குப் போய் நட்டதும், குளவி வெளிய வரும். அதுக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு இனம், நம்ம சமவெளியில அதிகம் நட்ட அதே ரெண்டு இனம். ஒரே நம்பர் குளோன் வரிசை வரிசையா நிக்கிற இடத்துல, ஒரு மரத்துக்கு ஆகாதது எல்லா மரத்துக்கும் ஆகலை. பல நாற்றுப் பண்ணைகள்ல வளர்த்த கன்றுகளையே அழிக்க வேண்டி வந்தது.

அப்போ என்ன செஞ்சாங்க? இந்த இடத்துலதான் எனக்கு வரலாறு பிடிச்சது. ரெண்டு வேலை நடந்தது. ரெண்டுலயும் மருந்து கிடையாது.

ஒன்னு, மறுபடியும் தோட்டத்துக்குள்ள நடந்தது. கோயம்புத்தூர்ல இருக்கிற வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும் காகித ஆலைகளோட ஆராய்ச்சிப் பிரிவுகளும் எந்த குளோன்ல முடிச்சு வருது, எதுல வரலைன்னு பார்த்தாங்க. வித்தியாசம் அப்பட்டமா இருந்தது. பக்கத்துப் பக்கத்து வரிசை. ஒரு நம்பர் முழுக்க முடிச்சு, அடுத்த நம்பர் சுத்தம். தாங்காததை நாற்றங்கால்ல இருந்து எடுத்தாங்க, தாங்குறதைச் சேர்த்தாங்க.

ரெண்டாவது, இன்னொரு குளவி. ஆஸ்திரேலியாவுல இந்தப் பூச்சியை யாரும் கண்டுக்கலைன்னு சொன்னேன்ல? காரணம், அங்க அதைத் தின்ன ஆள் இருக்கு. குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலின்னு ஒரு ஒட்டுண்ணிக் குளவி. முடிச்சுக்குள்ள இருக்கிற புழு மேல முட்டை வைக்கும், அதோட குஞ்சு அந்தப் புழுவைத் தின்னு வளரும். நம்ம ஸ்பிரேயர் போக முடியாத அறைக்குள்ள அது போகும். இஸ்ரேல் விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவுல தேடி இதைக் கொண்டு வந்தாங்க. ஸ்வி மெண்டல்ங்கிற விஞ்ஞானியோட பேரைத்தான் அதுக்கு வெச்சிருக்காங்க. அங்கேயிருந்து பெங்களூர்ல இருக்கிற தேசியப் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் வழியா இந்தியாவுக்கு வந்து, சோதிச்சு, தோட்டங்கள்ல விட்டாங்க. அதோட, நம்ம ஊர்லயே இருந்த மெகாஸ்டிக்மஸ் வகைக் குளவிகளும் இந்த முடிச்சுக்குள்ள வேலை பார்க்க ஆரம்பிச்சிருந்தது.

"பூச்சியை வெச்சுப் பூச்சியா, நடக்குமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு கல்வராயன் மலையோட மறுபக்கம் ஒரு உதாரணம் இருக்கு. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளாவுல தெரிஞ்சு, தமிழ்நாட்டுக்கு வந்து மரவள்ளிக் காடுகளைச் சுருட்டினது. 2022 மார்ச்சுல, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல இருக்கிற மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துலதான், ஆப்பிரிக்காவோட பெனின் நாட்டிலிருந்து கொண்டு வந்த ஒட்டுண்ணிக் குளவியை விவசாயிகளுக்காக வெளிய விட்டாங்க. மலைக்கு இந்தப் பக்கம் பெரியப்பா ஊர், அந்தப் பக்கம் ஏத்தாப்பூர்.

ஆக, கடைக்காரர் கொடுத்த மருந்தை ரெண்டு தடவை அடிச்சப்போ பெரியப்பா என்ன செஞ்சார்? உள்ளே இருக்கிற எதிரியைத் தொடலை. வெளிய பறந்துக்கிட்டு இருந்த காவல்காரனையும் சேர்த்துக் கொன்னார். அவர் மேல தப்பு இல்ல. முடிச்சைக் காட்டினா மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறதுதான் நம்ம ஊர்ல வழக்கமா இருக்கு.

ஊருக்குப் போனேன்

அடுத்த வாரமே சங்கராபுரம் போனேன். பஸ்ல போறப்போ தூரத்துல கல்வராயன் மலை நீலமா தெரியும். அங்கே கடுக்காய் மரத்துல முடிச்சு வரும். ஆனா பக்கத்துல நிக்கிற மரம் கடுக்காய் இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிறதும் இல்ல. பூச்சி அடுத்த வீட்டுக்குப் போகணும்னா தேடணும். பெரியப்பா தோட்டத்துல தேட வேண்டியதே இல்ல.

தோட்டத்துல நின்னு நான் கேட்ட முதல் கேள்வி: "பெரியப்பா, இது என்ன நம்பர் கன்னு?"

"நம்பரா? தைலக்கன்னுடா. மத்த எடத்த விட ரெண்டு ரூவா கம்மியா குடுத்தாங்க."

பில் கிடையாது. நம்பர் தெரியாது. எங்கேயிருந்து துளிர் எடுத்தாங்கன்னு தெரியாது. முழு மூணு ஏக்கரும் ஒரே குளோனா இருக்கணும், பார்த்தாலே தெரிஞ்சது. அடிச்சு வெச்ச மாதிரி ஒரே உயரம், ஒரே இலை, ஒரே முடிச்சு. கன்றுக்கு ரெண்டு ரூபாய் கணக்குல நாலாயிரம் ரூபாய் மிச்சம் பண்ணியிருக்கார்.

அப்புறம் வரிசை வரிசையா நடந்தோம். நாங்க முடிவு பண்ணினதைச் சொல்றேன். உங்க வீட்ல யாராவது மரம் வெச்சிருந்தா உதவும்.

மருந்தை நிறுத்தினோம். குருத்து மொத்தமும் முடிச்சாகி, தண்டு கோணிப் போன கன்றுகளை வெட்டி, அன்னைக்கே எரிச்சோம். வரப்புல குவிச்சு வெச்சா அந்தக் குவியல்லிருந்தே குளவி வரும். ஓரளவு முடிச்சு இருந்தும் நேரா வளர்றதை விட்டோம். இந்தப் பூச்சிக்கு இளம் துளிர்தான் வேணும், மரம் உயரமாகி முத்திட்டா பாதிப்பு குறையும். காலி ஆன இடத்துல என்ன வைக்கிறதுங்கிறதுதான் அடுத்த கேள்வி.

பெரியப்பா உடனே சொன்னார்: "அப்ப எல்லாத்தையும் புடுங்கிட்டு மூணு ஏக்கரும் சவுக்கு போட்டுடறேன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன். சவுக்குக்கும் தண்டு நோய் உண்டு. பட்டை கொப்புளமா வெடிச்சு, உள்ளேயிருந்து கரித்தூள் மாதிரி பூஞ்சை வித்து கொட்டும். தமிழ்நாட்டுச் சவுக்குத் தோப்புகளுக்கு ரொம்ப நாளாவே அது தலைவலி. வேரோட வேர் உரசினாலே பக்கத்து மரத்துக்குப் போகும். மூணு ஏக்கர் தைலமரத்தை எடுத்துட்டு மூணு ஏக்கர் சவுக்கு போட்டா, பாஸ்வேர்டைத்தான் மாத்துறோம், பழக்கத்தை மாத்தலை.

கடைசியில இப்படி ஆச்சு. கிட்டத்தட்ட ரெண்டு ஏக்கர் அளவுக்கு இருக்கிற மரம் அப்படியே. மீதி ஒரு ஏக்கர்ல பாதி சவுக்கு. பாதியில வேற நம்பர் தைலமரக் கன்று, ஒன்னு இல்ல, மூணு நம்பர், வரிசை மாத்தி மாத்தி. இந்தத் தடவை பில் வாங்கினோம். நம்பரை நோட்டுல எழுதி, எந்த வரிசை எதுன்னு படம் போட்டு வெச்சோம். கன்று இறக்கும்போது பெரியம்மா ஒவ்வொன்னா தூக்கி, காம்பையும் நடுநரம்பையும் விரலால தடவிப் பார்த்தாங்க. கரடுமுரடா பட்ட பதினோரு கன்றைத் திருப்பி அனுப்பினாங்க. வண்டிக்காரர் முகம் சுளிச்சார். பெரியம்மா கண்டுக்கலை.

இன்னொன்னும் சொல்லணும். தைலமரத்தை அறுவடை பண்ணினா கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், கட்டைக்கரும்பு மாதிரி. அந்த வெட்டுக்காயம் வழியாத்தான் பூஞ்சை உள்ளே போகும். பட்டை உரியாம, தண்ணி தேங்காம கொஞ்சம் சாய்வா வெட்டணும். பெரிய காயத்துக்கு போர்டோ பசை: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணி. ரெண்டையும் தனித்தனியா, இரும்பு இல்லாத பாத்திரத்துல கரைச்சுச் சேர்க்கணும். கலந்த பிறகு ஒரு பழைய கத்தியை முக்கிப் பாருங்க. சிவப்பா செம்பு படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு தேவை. இது பூஞ்சைக்கு மட்டும். முடிச்சுக் குளவிக்கு இது ஒன்னும் பண்ணாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தண்டுல எது தெரிஞ்சாலும், முதல்ல அது பூச்சியா பூஞ்சையான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

பெரியப்பாவுக்கு நஷ்டம் இல்லையான்னா, இருக்கு. கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி, மருந்துச் செலவு, கூலி, புதுக் கன்று. கடனுக்கு இந்த வருஷமும் வட்டிதான் கட்டினார், அசல் அப்படியே நிக்குது. அதை நான் சரி பண்ணலை, என்னால முடியவும் முடியாது. 2001-ல் அதே மாவட்டத்தோட கடலோரத்துல தெரிஞ்ச பூச்சி இது. அதைப் பத்தி கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் தெரிஞ்சது சங்கராபுரத்துக்கு வந்து சேர, எனக்கு ஒரு மீட்டிங் நடுவுல போன் வர வேண்டியிருந்தது. இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினது அதனாலதான்.

போன மாசம் மறுபடி போன். இந்தத் தடவை வீடியோ கால். கேமராவை ஒரு முடிச்சு கிட்ட கொண்டு போய்க் காட்டினார். "தம்பி, இங்க பாரு, ஒரே முடிச்சுல ரெண்டு விதமா ஓட்டை இருக்குது. ஒன்னு பெருசு, ஒன்னு பொடிசு. பொடிசுலேர்ந்து வந்தது நம்ம ஆளா இருக்குமா?"

போன் கேமராவுல அதைச் சொல்ல முடியாது பெரியப்பா, முடிச்சோட கிளையை நறுக்கி ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு, மெல்லிசு துணியால கட்டி வைங்க, வெளிய வர்றதை வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டலாம்னு சொன்னேன். இப்போ அவர் வீட்டுத் திண்ணையில ஊறுகாய் பாட்டில் வரிசையா நிக்குது, ஒவ்வொன்னு மேலயும் தேதி எழுதி. பெரியம்மா திட்டிக்கிட்டு இருக்காங்க.

உங்க ஊர்ல, உங்க வீட்ல தைலமரமோ சவுக்கோ இருந்தா, இந்த வாரம் ஒரு போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "என்ன நம்பர் கன்னு?" பதில் எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.